பள்ளத்தில் தலைசுற்றிய அம்ப்ளிபயர்

வாகனத்தில் ஓடும் எல்லா வயர்களும் ஒரே குடும்பம் என்று நம்பிய ஒரே மனிதர், உலகத்திலேயே எங்கள் பதுளை எலக்ட்ரீசியன் பியூஸ் நானாதான்.

பெட்டரியின் தடித்த வயர் வாப்பா. பாடியில் முறுக்கும் எர்த் வயர் உம்மா. ஹார்ன் வயர், வீட்டுக்கு வந்திருக்கும் பெரியம்மா. எஞ்சின் சுற்றும்போது பெட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் ஆல்டர்னேட்டர், உழைக்கிற மூத்த மகன். சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பினால் உயிர் பெற்று ரேடியோவுக்குக் கரண்ட் கொடுக்கிறதே அந்த வயர், வீட்டோடு இருக்கும் மருமகன். எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவனுக்குச் சாப்பாடு உண்டு. இந்த உறவுமுறை விளங்காதவர்கள் தங்கள் லொறிக்கு என்ன வியாதி என்று அவரிடம் தெரிந்துகொள்ளவே முடியாது.

நானாவின் காதில், மற்றவர்கள் பீடி செருகும் இடத்தில், ஒரு பியூஸ் இருக்கும். கராஜில் எல்லாவற்றுக்கும் பியூஸ் போட்டிருந்தார். சுவர்க் கடிகாரத்துக்கும் உண்டு, டோர்ச் லைட்டுக்கும் உண்டு. தேநீர்க் கோப்பைக்குப் போடாததற்குக் காரணம், அதில் வயர் இல்லாததுதான். மீட்டர் ஒன்று வைத்திருந்தார், ஆனால் அதை நம்பமாட்டார். வயரை நாக்கில் வைத்துப் பார்த்து, "பதினொன்றரை வோல்ட் இருக்கு, வாப்பாவுக்கு உடம்பு சரியில்ல" என்பார். மீட்டரும் பிறகு அதையே சொல்லும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கொஸ்லந்தவுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிளாக்கர். வாரத்துக்கு ஒரு நாள் தோட்டத்து லொறியில் பதுளைக்குப் போய், உரமூட்டைக்குக் கையெழுத்துப் போட்டு, அதே லொறியில் திரும்ப வேண்டும். டிரைவர் செல்வராஜ் நல்லவன். பாட்டென்றால் பைத்தியம். ஒரு நாள் பெரிய அம்ப்ளிபயர் ஒன்றை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தான். இருவரும் நானாவிடம் போனோம்.

"வாப்பாகிட்ட நேரா கட்டவா, மருமகன்கிட்ட கட்டவா?" என்று நானா கேட்டார். வாப்பாவிடம் நேராகக் கட்டினால் சாவியை எடுத்த பிறகும் அம்ப்ளிபயர் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், விடிவதற்குள் பெட்டரி மௌத்து என்று விளக்கமும் சொன்னார். மருமகன் போதும் என்றான் செல்வராஜ். அன்று ஹாலிஎல தாண்டுவதற்குள் எனக்குக் காது அடைத்துவிட்டது.

இதில் செல்வராஜின் இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். பெரகல சந்தியில் இருந்து கொஸ்லந்த வரை ஒரே இறக்கம். சந்தியில் தோட்டத்துச் சனம் இருபது பேராவது மூட்டைகளின் மேல் ஏறிக்கொள்வார்கள். அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு இவன் எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, சும்மா உருட்டிக்கொண்டு போவான். டீசல் மிச்சமாம். அந்தக் காலத்து லொறியை அணைக்கச் சாவி வேண்டாம். ஒரு குமிழை இழுத்தால் எஞ்சின் நின்றுவிடும், சாவி போட்டது போட்டபடி இருக்கும், மருமகனும் விழித்தபடி இருப்பான். ஆனால் எஞ்சின் நின்றால் பிரேக்குக்கும் பலம் போய்விடும். நாலைந்து தடவை மிதித்தால் பெடல் கருங்கல்.

ஒரு நாள் வளைவில் எதிரே பஸ் வந்தது. செல்வராஜ் பெடலின் மேல் எழுந்தே நின்றான். லொறி ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் ஒரு சக்கரத்தை விட்டுத்தான் நின்றது. மேலே சனம் கத்தியது. அவன் சிரித்தான். கிளாக்கர் பயந்தான் என்று தோட்டம் முழுக்கச் சொல்லிவிடுவானே என்று நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அந்த இறக்கத்தில் நான் செத்துச் செத்துத்தான் பிழைத்தேன்.

அடுத்த முறை கராஜுக்குப் போனபோது செல்வராஜ் தானாகவே பீற்றிக்கொண்டான். "எறக்கத்துல எஞ்சினை அணைச்சிட்டா, பாட்டு என்ன தெளிவா கேக்குது தெரியுமா நானா?"

நானா வயரை நாக்கில் இருந்து எடுத்தார். மேலே எத்தனை பேர் என்று விசாரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "கிளாக்கர் தம்பி, நீங்க எங்க உக்காருவீங்க?" என்றார்.

"இடது பக்கம், நானா."

அவர் ஒரு சின்ன வேலை மிச்சம் இருக்கிறது என்று சொல்லி, லொறிக்குக் கீழே படுத்து அரை மணி நேரம் என்னவோ செய்தார்.

அன்று பெரகல இறக்கத்தில் எஞ்சினை அணைத்ததும் பாட்டு நின்றது. மூட்டைகளின் மேலிருந்து பாட்டு எங்கே என்று கூச்சல். எஞ்சின் ஓடினால் பாடுகிறது, அணைத்தால் நிற்கிறது. மறுவாரம் செல்வராஜ் போய் முறையிட்டான்.

"எஞ்சினை எங்க அணைக்கிற?"

"எறக்கத்துல."

"சமதரையில?"

சமதரையில் அணைக்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. ஸ்டார்ட்டர் கோளாறு, அணைத்தால் பத்துப் பேர் தள்ள வேண்டும். இரவில்கூடச் சரிவில் நிறுத்தி, காலையில் உருட்டித்தான் ஸ்டார்ட் பண்ணுவான். அதைத் திருத்தாமல் மாதக்கணக்காக இழுத்தடித்ததும் இதே நானாதான்.

"அப்ப பள்ளம்தான் காரணம். அம்ப்ளிபயருக்குத் தலை சுத்துது" என்றார் நானா.

செல்வராஜ் நம்பினான். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள். மேசன்மாரிடம் இரவல் வாங்கிய மட்டக்கோலை அம்ப்ளிபயரின் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, ஒரு நூல் சாய்வு என்றார். முதல் வாரம் அதை மலைப்பக்கம் பார்க்கத் திருப்பி வைக்கச் சொன்னார். பலிக்கவில்லை. அடுத்த வாரம் எலுமிச்சம்பழம் கட்டினான். அதுவும் பலிக்கவில்லை. மூன்றாவது வாரம், கீழே ஒரு தலையணை வைத்து, எஞ்சினையும் ஓடவிட்டு இறங்கிப் பார் என்றார். எஞ்சின் சத்தம் கேட்டால் அதற்குத் தைரியமாக இருக்குமாம்.

பாட்டு கொஸ்லந்த வரை நிற்கவே இல்லை. தலையணையின் மகிமை என்று செல்வராஜ் ஊரெல்லாம் சொன்னான். அவன் மனைவி அதற்குப் பூப்போட்ட உறை தைத்துக் கொடுத்தாள். நாலு வருடம் அந்த அம்ப்ளிபயர் தலையணையில் படுத்து, இரண்டாம் கியரில், எஞ்சின் உறுமலோடு பள்ளம் இறங்கியது. உறை மட்டும் மாதம் ஒரு தடவை சலவைக்குப் போய் வந்தது.

பிறகு ஒரு நாள் பண்டாரவளையில் வேறொரு எலக்ட்ரீசியன் லொறியைத் திறந்து பார்த்து, ஆல்டர்னேட்டரில் இருந்து அம்ப்ளிபயருக்கு ஒரு மெல்லிய மஞ்சள் வயர் போவதைக் காட்டினான். எஞ்சின் சுற்றினால்தான் இதற்கு உயிர் என்றான். செல்வராஜ் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பதுளைக்குக் கிளம்பினான். அடிதடி ஆகிவிடுமோ என்று நானும் கூடப் போனேன்.

"நாலு வருசமா என்னைய முட்டாளாக்கிட்டீங்களே நானா."

நானா காதில் இருந்த பியூஸை எடுத்துத் துடைத்து மறுபடி செருகினார். "மருமகன் படுத்துக்கிட்டே பாட்டுப் போட்டான். அதான் பிடுங்கி மூத்தவன் கையில குடுத்தேன். அவன் உழைச்சாத்தான் பாட்டு. எஞ்சினை அணைக்காதேன்னு சொல்லியிருந்தா, நீ வேற கராஜுக்குப் போயிருப்ப." பிறகு தலையணையைப் பார்த்து, "அது இருக்கட்டும், குலுக்கலுக்கு நல்லது" என்றார்.

செல்வராஜ் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு தோட்டத்துக்குப் புது லொறி வந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனாகவே நேராக நானாவின் கராஜில் கொண்டுபோய் நிறுத்தி, அம்ப்ளிபயரையும் தலையணையையும் இறக்கி வைத்தான்.

"இந்த லொறியிலயும் இதுக்குத் தலை சுத்தணும் நானா" என்றான்.

நானா போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. இருபது பேருக்கும் எனக்கும் அவர் உயிர்ப்பிச்சை தந்தது எங்களில் பலருக்குத் தெரியவே தெரியாது. எனக்குத் தெரியும். இப்போதும் எந்த வாகனத்தில் ஏறினாலும் நான் இடது பக்கம்தான் உட்காருகிறேன். எங்கே உட்காருவீர்கள் என்று அவ்வளவு கவலையோடு என்னிடம் கேட்ட ஒரே மனிதருக்கு, நான் சொன்ன பதில் அதுதான்.