தயிர்சாதம் சூடாக இருந்த ஞாயிறு

பதவி வந்தால் எனக்கு முதலில் காது அடைத்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மந்திரி பதவியெல்லாம் இல்லை. தாம்பரம் பக்கத்து அமெச்சூர் ரேடியோ கிளப்பின் தலைவி, அவ்வளவுதான். மழை வெள்ளத்தில் செல்போன் படுத்துவிட்டால், லைசென்ஸ் வாங்கி வயர்லெஸ் செட் வைத்திருக்கும் நாங்கள்தான் தகவல் சொல்ல வேண்டும்.

ஒரே ஓட்டில் ஜெயித்தேன். தோற்றவர் பழைய தலைவர் ஸ்டீபன் சார், ரிட்டயரான பிசிக்ஸ் வாத்தியார். ஜெயித்த கையோடு (யாரும் கேட்காமலே) ஓர் உரை ஆற்றினேன். "நம்ம லைன்ல குறுக்க வந்து தொல்லை பண்றவங்க யாரா இருந்தாலும், பிடிச்சு உங்க முன்னாடி நிறுத்துவேன்."

அடுத்த ஞாயிறு காலை வெள்ள ஒத்திகை. பார்க்க தாலுகா ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். சொதப்பினால் நிஜ வெள்ளத்தில் எங்களைக் கூப்பிடவே மாட்டார்கள். டிபன் பாக்ஸ் முதல் சகலமும் திணித்த பையை ஸ்கூட்டியின் கொக்கியில் மாட்டிக்கொண்டு, எங்கள் ஆட்கள் செட்டோடு நிற்கும் ஒவ்வொரு இடமாகப் பார்த்துவர நான் கிளம்பினேன். பின்சீட்டில் ஸ்டீபன் சார்.

பம்மலைத் தாண்டும்போது, அதிகாரியோடு கிளப்பில் இருந்த செக்ரட்டரி கோபால் போன் செய்தார். "மேடம், எவனோ செட்டு பட்டனை அமுக்கிட்டு விடவே மாட்டேங்கறான். வேற யாரும் பேச முடியல. லேத் ஓடற சத்தம் மட்டும் கேக்குது."

லேத் என்றால் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைதான். வண்டியை விரட்டினேன். சிக்னல் வரும் திசையைக் காட்டும் ஆன்டெனாவை ஸ்டீபன் சார் நாலா பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் காட்டினாலும் ஃபுல்லா இருக்கும்மா. நம்ம கூடவே வரானோ?"

"பவர் ஜாஸ்தி வச்சிருக்கான் சார்."

தொழிற்பேட்டையில் வண்டியை நிறுத்தினேன். லேத்தும் நின்றுவிட்டதாகக் கோபால் சொன்னார். நம்மைப் பார்த்துத்தான் மெஷினை அணைத்திருக்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பூட்டிக் கிடந்த ஒரு கேட்டைப் பார்த்து, வண்டியிலிருந்தபடியே கண்டபடி கத்தினேன். மறுபடியும் போன்.

"மேடம், இப்ப ஒரு பொம்பள திட்டற சத்தம் கேக்குது."

"ஓனரம்மாவா இருக்கும். திமிரப் பாருங்க. அந்தம்மாவை நான் சும்மா விடமாட்டேன்."

"இன்னும் திட்டறாங்க மேடம்."

வண்டியைக் கிளப்பினேன். லேத்தும் கிளம்பியதாகத் தகவல். தப்பி ஓடுகிறான் என்று துரத்தி, குன்றத்தூர் மலையடிவாரம் வரை போய்விட்டோம். பசி தாங்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பிடிக்கலாம் என்று டிபன் பாக்ஸை எடுத்து ஸ்டீபன் சாருக்கும் ஒரு கவளம் கொடுத்தேன்.

அவர் வாயில் போட்டார். மெல்வதை நிறுத்தினார்.

"ஏம்மா, தயிர்சாதம் ஏன் சுடுது?"

நான் பையைப் பார்த்தேன். அவரே உள்ளே கைவிட்டு எடுத்தார். என் ஸ்பேர் செட். டிபன் பாக்ஸுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் பட்டன் அமுங்கிச் சிக்கிக்கொண்டு, தோசைக்கல் மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. லேத் என் ஸ்கூட்டி. ஓனரம்மா நான்.

அழுகையே வந்துவிட்டது. அதிகாரி கிளம்பியிருப்பார், கிளப்பின் மானமும் கூடவே போயிருக்கும் என்று நினைத்தேன். ஸ்டீபன் சார் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டு செட்டில் பேசினார். "எல்லாருக்கும் சொல்றேன். ஆள் கிடைச்சாச்சு. தலைவி சொன்ன மாதிரியே பிடிச்சு நிறுத்திட்டாங்க. ஒத்திகையை ஆரம்பிக்கலாம்."

நல்லவேளை, அதிகாரி போகவில்லை. கோபால் வாங்கிக்கொடுத்த பஜ்ஜி அவரைப் பிடித்து வைத்திருந்தது. ஒத்திகை ஒழுங்காகவே நடந்தது.

அதற்கப்புறம் வந்த தேர்தலிலெல்லாம் என் பெயரை முன்மொழிகிறவர் ஸ்டீபன் சார்தான். "சொன்ன வாக்கைக் காப்பாத்தின ஒரே தலைவர்" என்பார். யாரும் எதிர்த்து நிற்பதில்லை, எல்லோரும் சிரிப்பதில் மும்முரமாக இருப்பார்கள். வீட்டில் நிலைமை இன்னும் மோசம். என் கண்ணாடியை யார் எடுத்தது, சாவியை யார் எடுத்தது என்று நான் குரலை உயர்த்தினால் போதும், சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரர் அமைதியாகச் சொல்வார்:

"முதல்ல தயிர்சாதத்தைத் தொட்டுப் பாரு."