வாத்து மாஸ்டருக்குப் போட்ட மாலை

லண்டன் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் வாத்து மாஸ்டரைப் போல இன்னொரு கிறுக்கு மனுஷன் அகப்படமாட்டார். சைனா டவுனில் நான் கோப்பை கழுவிய உணவகத்தில் வாத்து வாட்டுவது அவர் வேலை. ஹொங்கொங்கிலிருந்து வந்து முப்பது வருஷம். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

சீனத்தில் நாலும் சாவும் கிட்டத்தட்ட ஒரே ஓசையாம், அதனால் நாலு அவருக்குச் சாவு எண். நாலு வாத்துக்கு ஓடர் வந்தால் ஐந்தாக வாட்டுவார். மிச்சம் எங்கள் வயிற்றுக்குள் போகும் என்பதால் நாங்களும் நாலைத் தீவிரமாக வெறுத்தோம். தமிழும் பேசுவார், எல்லாம் கழுவும் தொட்டியடியில் தமிழ்ப் பெடியளான எங்களிடம் பொறுக்கியது. முதலாளி கூப்பிட்டால்கூட "ஏலாது, பிறகு வாறன்!" என்றுதான் கத்துவார்.

உண்மையான பைத்தியம் படம் வரைவதில். நூடில்ஸ் பெட்டிகளைப் பிரித்து ஒட்டி, வாத்துக்குச் சாறு பூசுகிற தூரிகையாலேயே அந்தத் தெருவை வரைந்துகொண்டிருந்தார். மீன்கடைக்காரர், பேக்கரி அக்கா, சிங்க நடனக்காரர் எல்லாரும் அதில் இருந்தார்கள். நாங்கள் கழுவிக்கொண்டிருக்கும்போது சாப்பாட்டுக் குச்சியை முகத்துக்கு நேரே நீட்டி அளவெடுப்பார்.

"அசையாதை! உன்ர மூக்குக்கு இன்னொரு பெட்டி வேணும்!"

2009 சீனப் புத்தாண்டு வந்தது. மூன்று வருஷம் கெஞ்சிய பிறகு, அந்தத் தெருச் சங்கத்தின் மண்டபத்தில் படத்தைத் தொங்கவிட இடம் கொடுத்தார்கள். மாஸ்டரின் கால் நிலத்தில் படவில்லை. வாத்து இரண்டு கருகியது, சரித்திரத்தில் முதல் தடவை. "எங்கட தெரு சுவரில ஏறுது!" என்று போகிற வருகிற வெள்ளைக்காரருக்கும் தமிழிலேயே சொன்னார்.

எனக்கும் உற்சாகம் தலைக்கேறிவிட்டது. வெறுங்கையோடு போவதா? லூயிஷாம் கோவிலடியில் சொல்லி ஒரு மாலை கட்டுவித்தேன். ஜனவரிக் குளிரில் மல்லிகைக்கு எங்கே போவது? வெள்ளைச் செவ்வந்தியில், தொடைப் பருமனுக்குக் கட்டித் தந்தார்கள். சனம் வருவதற்கு முதலே மண்டபத்துக்கு ஓடிப்போய், சாமிப் படத்துக்குச் சாத்துவதுபோல மாஸ்டரின் படத்துக்குச் சாத்திவிட்டுப் பெருமையோடு நின்றேன்.

வெளியே முரசு அதிர்ந்தது. உள்ளே வந்த சனமோ வாசலிலேயே உறைந்து நின்றது. ஒரு கிழவி வாயைப் பொத்தினார். சீனருக்கு வெள்ளைச் செவ்வந்தி செத்தவீட்டுப் பூவாம்! வருஷம் பிறக்கிற நாளில், உயிரோடிருக்கிற ஒரு முழுத் தெருவையும் நான் பாடையில் ஏற்றியிருந்தேன்.

சங்கத் தலைவி அம்மா படத்தை உடனே கழற்றச் சொன்னார்.

"ஐயோ மாஸ்டர், சத்தியமா எனக்குத் தெரியாது!"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். போன கோடையில் என் தங்கச்சி கலியாணத்துக்கு வந்து, மாப்பிள்ளை கழுத்தில் மாலை விழுந்தபோது எங்களைவிடப் பலமாகக் கைதட்டிய மனுஷன் அவர். படத்திலிருந்து மாலையைக் கழற்றி, தலைவியிடம் சீனத்தில் படபடவென்று ஏதோ சொன்னார். பிறகு அதை என் கையில் தந்துவிட்டு, நாலு என்ற எண்ணுக்கே நடுங்குகிறவர், எல்லாருக்கும் முன்னால் கழுத்தை நீட்டினார்.

"போடு."

"வேண்டாம் மாஸ்டர். உங்கட ஆக்களுக்கு இது கூடாதெல்லோ?"

"கெதியா போடு! உங்கட ஆக்கள் இதை உயிரோட இருக்கிறவனுக்குத்தான் போடுறது. அவவிட்டயும் சொல்லிட்டன்."

போட்டேன். முதலில் பேக்கரி அக்கா சிரித்தார். பிறகு மண்டபமே கைதட்டியது. தலைவி அம்மா படத்துக்குக் கிட்டப்போய், உணவகத்தின் பின்கதவடியில் கோப்பையும் மீசையுமாக நிற்கும் ஓர் ஆளைக் காட்டி ஏதோ கேட்டார். மாஸ்டர் ஒரே வரியில் பதில் சொன்னார். தலைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார், சிரித்தார், படம் சுவரிலேயே இருக்கட்டும் என்று கைகாட்டினார்.

"அவ என்ன கேட்டவ?"

"இவன் ஆர் எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"எங்கட தெரு ஆள் எண்டன்."

அதற்குப் பிறகு எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பெரியவர்களுக்கு மாலை போட்டிருக்கிறேன். முழு மனதோடு போட்டது அந்த மனுஷனுக்கு மட்டும்தான்.