டோக்கன் நாலு ஒண்ணு ஏழு

உலகத்தில் எத்தனையோ பேர் ஓடியிருக்கிறார்கள். மெடலுக்காக ஓடியவர்கள், போலீஸுக்குப் பயந்து ஓடியவர்கள், பெங்களூர் ரயிலைப் பிடிக்க டிபன் பாக்ஸோடு ஓடுகிற எங்கள் ஊர் ஆண்கள் என எல்லாரையும் ஒரு பக்கம் நிறுத்தி, எதிரே எங்கள் டபுள் ஷிப்ட் அண்ணனை ஒற்றை ஆளாக நிறுத்தினால், ஜெயிப்பது அண்ணன்தான். கஷ்டம் என்னவென்றால் அவரை நிறுத்தவே முடியாது.

தங்கவயலில் நந்திதுர்க் பக்கம், ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட லைன் வீடுகளில் என் வீடும் அவர் வீடும் அடுத்தடுத்து. நான் வாசலிலேயே தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு ஜாக்கெட் தைக்கிறவள். தெருவில் யார் போனாலும் வந்தாலும் என் கண்ணில் படாமல் போக முடியாது. அந்தக் கண்ணால் நான் அதிகம் பார்த்தது அண்ணனின் முதுகைத்தான்.

அவர் வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தை மூடியபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. எல்லாரும் பெங்களூருக்கு வேலை தேடிப் போனார்கள். இவரும் போய் ஒரு அடுக்குமாடி வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்து பார்த்தார். ஒன்பதே நாள்தான். "நாற்காலியில குந்திக்கினு இருந்தா மூச்சு நின்னுடும் போலகீது" என்று திரும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு பேக்கரியில் பகலில் நாலைந்து மணி நேரம் மாவு பிசையும் வேலை. அதற்கு முன்னால் ஒரு ஓட்டம், அதற்குப் பின்னால் ஒரு ஓட்டம். அப்படி வந்ததுதான் டபுள் ஷிப்ட் என்கிற பட்டம்.

அவர் கணக்கில் கிலோமீட்டரே கிடையாது. சுரங்கத்தின் ஆழத்தைச் சொல்கிற மாதிரி எல்லாம் லெவல்தான். தண்ணி டேங்க் ஒன்றாவது லெவல். சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த சயனைடு மண்மேடு மூன்றாவது லெவல். பூதிகோட்டை கடைசி லெவல். அவர் ஓடப் போவதும் 'போவது' இல்லை, 'கீழே இறங்குவது'. ரோடு மேடாக ஏறினாலும் அண்ணன் கீழேதான் இறங்குவார். பூதிகோட்டை வழியிலிருக்கும் நாய்கள் முதல் வருஷம் அவரைத் துரத்தின. இரண்டாம் வருஷம் கொஞ்ச தூரம் கூட ஓடின. மூன்றாம் வருஷம் தூரத்தில் அவர் தலை தெரிந்ததுமே எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்துக்கொண்டன.

ஒருமுறை பெங்களூரிலிருந்து நாலு பேர் காரில் வந்து இறங்கினார்கள். காலில் பச்சை, ஆரஞ்சு நிறத்தில் ஷூ, கையில் டிவி மாதிரி வாட்ச். அண்ணனைப் பற்றி யாரோ சொல்லிப் பார்க்க வந்தவர்கள்.

"வாரத்துக்கு எவ்ளோ சார் ஓடுவீங்க?" என்று ஒரு தம்பி கேட்டான்.

"ஆறு நாளு. பன்னெண்டு ஷிப்ட்டு."

"கிலோமீட்டர்ல சொல்லுங்க சார்."

"அது தெரியாதுப்பா. கூட வா, எண்ணிக்கோ."

போனார்கள். இரண்டு பேர் ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்து என் வாசலில் தண்ணீர் கேட்டார்கள். மூன்றாமவன் பஸ்ஸில் வந்தான். வாட்ச்சோடு கடைசிவரை தாக்குப்பிடித்த தம்பி வந்து தரையில் மல்லாந்து படுத்து, மூச்சு வந்ததும் கணக்குப் போட்டான். வாரத்துக்கு இருநூற்று முப்பது வருகிறது என்றான். அப்படி ஓடினால் உடம்பு என்னாவது, ஓய்வு நாள் வேண்டாமா என்று கேட்டான்.

"ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறனே" என்றார் அண்ணன்.

இவ்வளவு ஓடுகிறவருக்கு வீட்டில் ஒரு டைம் ஆபீஸ் இருந்தது. அதுதான் அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா. விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுரங்கத்தில் இறங்குகிறவர் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை மேலே டைம் ஆபீஸில் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். மேலே வந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். பலகையில் ஒரு டோக்கன் தொங்கினால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். சுரங்கத்தை மூடிய பிறகும் அண்ணனின் டோக்கன் எப்படியோ அவரிடமே தங்கிவிட்டது. 417. ஓடப் போகும்முன் அக்கா கையில் அதைக் கொடுப்பார். அக்கா கதவோரத்து ஆணியில் மாட்டுவார். அண்ணன் திரும்பி வந்து வாசலில் அட்டென்ஷனில் நிற்பார்.

"நாலு ஒண்ணு ஏழு! மேல வந்தாச்சா?" என்பார் அக்கா உள்ளேயிருந்து.

"வந்தாச்சு!"

டோக்கன் கைக்கு வரும். அதற்குப் பிறகுதான் அண்ணன் வாசற்படியைத் தாண்டுவார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து கழன்றுவிட்டார்கள் என்று நான் தெருவுக்கே சொல்லிச் சிரித்தவள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அக்கா பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்தார். கையோடு டோக்கனையும் தேய்த்துக் காயவைத்தார். அண்ணன் திரும்பி வந்தபோது டோக்கனைக் காணோம். அவர் உள்ளே வர மாட்டேன் என்றார்.

"வாங்கண்ணே, வந்து சாப்டுங்க. அப்பறமா தேடலாம்" என்றேன்.

"எப்டிம்மா வர்றது? ஆபீஸ் கணக்குப்படி நான் இன்னும் கீழ கீறன்."

வாசலில் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் என் சாமர்த்தியத்தைக் காட்ட, ஒரு பெரிய கோட்டுப் பட்டனில் தையல் சாக்பீஸால் 417 என்று எழுதிக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பட்டன்மா" என்றார். எழுந்து இன்னொரு ரவுண்டு ஓடப் போய்விட்டார். டோக்கன் கடைசியில் சர்ச் பிரியாணிக்கு இரவல் போன அண்டாவுக்குள் அடியில் கிடைத்தது. நல்லவேளை, அரிசி இன்னும் போடவில்லை. அக்கா அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்து வாசலில் நின்று நம்பரைக் கூப்பிட்டபோது, ரவுண்டு முடித்து வந்திருந்த அண்ணன் "வந்தாச்சு" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அழுதுகொண்டிருந்தார்.

நான் சிரிப்பதைப் பார்த்து அக்கா என்னைத் தனியாகக் கூட்டிப்போனார். "சிரிக்காத. அவருகூட வேல செஞ்சவரு ஒருத்தரு, ஒரே செட்டு. உள்ள பாறை வெடிச்சுப் போயிட்டாரு. அவரு டோக்கன் பலகையில எத்தினியோ நாளு தொங்கிக்கினே இருந்துச்சாம். எடுத்துக் குடுக்க ஆளில்ல. இவரு தெனமும் அதப் பாத்துட்டுத்தான் கீழ எறங்குனாராம்." அதற்குப் பிறகு நான் அந்த டோக்கனைப் பற்றி யாரிடமும் கேலி பேசியதில்லை.

ஸ்டெல்லா அக்காவுக்குச் சர்க்கரை. காலில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. இரண்டே மாதம்தான், போய்விட்டார். அடக்கம் முடிந்த மறுநாள் காலை அண்ணன் டோக்கனைத் தானே ஆணியில் மாட்டிவிட்டு ஓடினார். திரும்பி வந்தார். வாசலில் அட்டென்ஷனில் நின்றார். உள்ளே சத்தமில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பி ஓடினார். நான் மிஷினை மிதிக்கிறதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன நடக்கிறதென்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஊருக்கு ஒரே பெருமை. "டபுள் ஷிப்ட்டு இப்ப மூணு ஷிப்ட்டாம்பா!" என்று டீக்கடையில் பேசினார்கள். வாட்ச் தம்பி போன் செய்து விசாரித்துவிட்டு, வாரத்துக்கு முந்நூறைத் தாண்டுகிறது, இப்படியே போனால் ஆள் தாங்க மாட்டார் என்று பயந்தான். அண்ணன் பேக்கரி வேலையை விட்டுவிட்டார். கன்னம் ஒட்டி, ஷூவில் ரத்தக் கறையோடு ஓடினார். ஒருநாள் மதியம் பூதிகோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் அவரை பைக்கில் உட்காரவைத்து, துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார். வயலோரம் மயங்கிக் கிடந்தாராம். "நோட்கொள்ளி அம்மா" என்றார் அவர் கன்னடத்தில். பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

எனக்கு வந்த கோபத்தில் சொம்புத் தண்ணீரை அண்ணன் தலையிலேயே ஊற்றினேன்.

"இன்னாண்ணே, சாவறதுக்கா ஓடறீங்க?"

"நிக்கணும்னுதாம்மா பாக்கறன்" என்றார். "ஊட்டாண்ட வந்து நிக்கறன். ஒருத்தரும் கூப்புடல. மேல வந்துட்டன்னு யாரு சொல்றது? அப்ப நான் இன்னும் கீழதான கீறன்?"

அவர் வீட்டுக் கதவோரத்து ஆணியிலிருந்து டோக்கனைக் கழற்றி வந்தேன். என் மிஷினுக்கு மேலே, கத்தரிக்கோல் மாட்டுகிற ஆணியில் மாட்டினேன். வாசலுக்கு வந்து தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

"நாலு ஒண்ணு ஏழு! மேல வந்தாச்சா?"

அண்ணன் சுவரைப் பிடித்து எழுந்து நின்றார். "வந்தாச்சு" என்றார்.

அன்றிலிருந்து நான்தான் டைம் ஆபீஸ். வேலைக்கு வந்ததும் சட்டத்தை மாற்றினேன். காலையில் ஒரே ஷிப்ட், அதுவும் மூன்றாவது லெவல்வரைதான். லேட்டாக வந்தால் டோக்கன் கிடையாது. "யூனியன்ல சொல்லுவன்" என்று மிரட்டினார். "சொல்லுங்க, யூனியன் தலைவரு ஊட்டம்மாவுக்கும் நான்தான் ஜாக்கெட் தைக்கறன்" என்றேன். பேக்கரி வேலைக்குத் திரும்பினார். களியும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தால் சாப்பிட்டார். நாலு வருஷம் அப்படி ஓடியது.

ஒரே ஒருநாள் நான் தவறிவிட்டேன். பங்காருப்பேட்டையில் ஒரு கல்யாணம். அண்ணன் வருவதற்குள் வந்துவிடலாம் என்று அவசரமாகப் போனேன். பந்தி, மொய், போட்டோ என்று பகல் முழுக்கப் போய்விட்டது. சாயந்திரம் ஆட்டோவில் வந்து இறங்கினால் அண்ணன் எங்கள் தெருவைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறார். காலையிலிருந்து இதே சுற்றுதானாம். எதிர்வீட்டுக்காரர்கள் எவ்வளவோ சொல்லியும் உள்ளே போகவில்லையாம். பட்டுப் புடவையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் நம்பரைக் கூப்பிட்டேன். என்னைக் கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். "ஓவர்டைம்மா" என்று சிரித்துவிட்டு டோக்கனை வாங்கிக்கொண்டார்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை ஓடிவிட்டு வந்து, டோக்கன் வாங்கி, குளித்து, சாப்பிட்டுப் படுத்தவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்திருக்கவில்லை. லீவு நாளில்தான் போனார். சர்ச்சில் பாஸ்டர் அவருடைய நிஜப் பெயரைப் படித்தபோது, வேறு யாருடைய அடக்கத்துக்கோ வந்துவிட்டோமோ என்று பாதிப் பேர் எழப் பார்த்தார்கள்.

அவர் சட்டைப்பையில் டோக்கன் இருந்தது. பெட்டியில் அவரோடு வைத்துவிடலாம், ஆசையாக வைத்திருந்தாரே என்று எல்லாரும் சொன்னார்கள். பாஸ்டரும் சரி என்றார். நான்தான் குறுக்கே போய் நின்றேன்.

"அதெப்டி? கீழ எறங்கறவங்க டோக்கன மேல குடுத்துட்டுத்தான் எறங்கணும்."

எங்கள் ஊரில் அதற்கு மறுப்பு சொல்ல யாராலும் முடியாது. பாஸ்டரே டோக்கனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

இப்போதும் அது என் மிஷினுக்கு மேலேதான் தொங்குகிறது. மிஷின் ஓடும்போது லேசாக ஆடும். ஆனால் ஒரு கவலை மட்டும் என்னை விடுவதில்லை. அங்கே ஸ்டெல்லா அக்கா வீட்டு வாசலில் போய் அண்ணன் நின்றிருப்பார். அக்கா நம்பரைக் கூப்பிட்டிருப்பார். டோக்கன் இங்கே என்னிடம் இருக்கிறது. அது இல்லாமல் அந்த மனுஷன் உள்ளே போக மாட்டாரே.

நான் வரும்போது எடுத்துக்கொண்டு வருகிறேன். அந்தக் கல்யாணத்தன்றைக்கு மாதிரி கொஞ்சம் லேட்டாகும்ணே. அதுவரைக்கும் அங்கயே தெருவச் சுத்திக்கினு இருங்க.