வரிசை இல்லாத வாசல்

ஒரு காட்டில், சரியாகச் சொன்னால் காட்டின் தென்கோடியில், மிருகங்கள் ஒரு சபை நடத்திவந்தன. போதகர் ஒரு கொக்கு. ஞாயிறுதோறும் ஒற்றைக் காலில் நின்று ஒரே பிரசங்கம்: "கிறிஸ்துவை விசுவாசி, அது ஒன்றே போதும்!" எல்லாரும் ஆமென் போடுவார்கள். போடுவதற்கு என்ன, காசா பணமா?

ஒரு நாள் யோபு என்ற கிழட்டு நரி வந்தது. "ஐயா, நான் விசுவாசிக்கேன். என்னையும் சேத்துக்கிடுங்க" என்று தேம்பித் தேம்பி அழுதது.

சபைச் செயலாளர் அருமைநாயகம் துள்ளி எழுந்தார். அவர் வெள்ளாடு. "இவன் என் மச்சினனைத் தின்னவன்!"

"தின்னேன் அண்ணாச்சி. அதுக்குத்தான் அழுறேன்."

போதகர் தொண்டையைச் செருமினார். "விசுவாசம் போதும்தான். ஆனா அது இருக்குன்னு எழுத்துல வேணும்லா?"

படிவம் ஒன்றை நீட்டினார்கள். ஞானஸ்நானச் சான்றிதழ், ஐம்பத்திரண்டு ஞாயிறு வருகைப் பதிவு, நரி இதுவரை கடிக்காத இருவரிடமிருந்து நற்சாட்சிக் கடிதம். அதற்கு எங்கே போகும் நரி? பாவம், கோயில் வாசலிலேயே உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. நரி, செயலாளர், சபை மொத்தமும் போய்ச் சேர்ந்தது. பறக்கத் தெரிந்த கொக்கும் பதிவேட்டை எடுக்கப் போய் மாட்டிக்கொண்டது.

மோட்ச வாசல் ஆவென்று திறந்து கிடந்தது. மேய்ப்பர் நின்றிருந்தார். நரி நடுங்கிக்கொண்டே, "ஆண்டவரே, உம்மை விட்டா எனக்கு நாதியில்ல" என்றது.

"வா" என்றார். நரி உள்ளே போய்விட்டது. அவ்வளவுதான்.

அருமைநாயகத்துக்கு வயிறு எரிந்தது. "சான்றிதழை யார்ட்ட காட்டணும்?"

"யாரிடமும் வேண்டாம். நீயும் வா."

"வரிசை?"

"இல்லை."

அப்போது அந்த மச்சினனே உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். நரியின் தோள்மேல் கை போட்டிருந்தான். "அத்தான், சும்மா வாங்க!"

"தின்னவனும் தின்னப்பட்டவனும் ஒரே பந்தியா? இது மோட்சமே இல்ல, ஏதோ மோசடி!" என்று செயலாளர் வெளியே ஒரு கோடு கிழித்து அதில் நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் போதகர் நின்றார். சபை முழுவதும் சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசை கட்டியது. மேய்ப்பர் தொண்டை வற்றக் கூப்பிடுகிறார். அசைந்தால் இடம் போய்விடுமே என்று ஒருவரும் நகரவில்லை.

நீதி: மோட்சத்துக்குள் போக விசுவாசம் ஒன்றே போதும், வெளியே நிற்கத்தான் சான்றிதழ் வேண்டும்.