இருபது வழிகள் உள்ள அலுவலகம்

கோப்பு நகர்த்தும் கலையில் எங்கள் குடிநீர் அலுவலகத்தை மிஞ்ச இன்னொன்று இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். வரிசைக்கு நான்காக நான்கு வரிசை, பதினாறு மேசைகள். முதல் மேசையில் கிளம்பும் கோப்பு வலப்பக்கம் போகலாம், முன்னால் போகலாம். பின்வாங்குவது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. கடைசி மேசையில் இயக்குநர் கையெழுத்திட்டால் குழாயில் தண்ணீர்.

"மொத்தம் எத்தனை வழி இருக்கு?" என்று இயக்குநர் ஒருநாள் கேட்டுவிட்டார். ஆண்டறிக்கையில் போட வேண்டுமாம். என் தலைமையில் 'வழி எண்ணும் உயர்மட்டக் குழு' அமைந்தது. ஆறு வாரம் தரையில் கலர் சாக்பீஸால் கோடு இழுத்தோம். பதினேழு என்றார் ஒருவர், இருபத்திரண்டு என்றார் இன்னொருவர். வாக்கெடுப்பில் பத்தொன்பது முன்னிலை பெற்றது.

பெஞ்சில் ஒரு தையற்கார அம்மா. குழாய் இணைப்புக்கு மனுப் போட்டுவிட்டு, மூன்று மாதமாக வீட்டில் மூன்று மாடிக்கு வாளி சுமந்துகொண்டு, இங்கே நடையாய் நடப்பவர்.

"சாக்பீஸை இப்படிக் குடுங்க சார்" என்று எழுந்து வந்தார். "மொத மேசைக்கு ஒண்ணு. அதை ஒட்டிப் போற ரெண்டு ஓரத்து மேசைகளுக்கும் நேரா போற ஒரே வழிதான், அங்கயும் அதே ஒண்ணு. மத்ததுக்கு, இடது மேசையில இருக்கறதையும் பின் மேசையில இருக்கறதையும் கூட்டி எழுதுங்க. எழுதினதைத் திரும்ப எண்ணாதீங்க."

இரண்டு, மூன்று, ஆறு, பத்து... இயக்குநர் மேசையில் இருபது! கைதட்டலில் மின்விசிறியே ஆடியது.

"இதுக்குப் பேரு டைனமிக் புரோகிராமிங் சார்!" என்று கண்கலங்கினார் கம்ப்யூட்டர்காரர்.

"பேரெல்லாம் தெரியாதுங்க. பதினாறு மேசையிலயும் ஒரே கேள்வி கேட்டீங்க. ஒரு தடவை எழுதி வெச்சுக்கிட்டு அதையே காட்டினேன்."

இயக்குநர் நெகிழ்ந்து போனார். "அம்மாவோட ஃபைல் இந்த இருபதுல எந்த வழியா வருது? உடனே கொண்டாங்க!"

அலுவலகத்தையே கவிழ்த்துப் போட்டுத் தேடினோம். கடைசியில் அகப்பட்டது, முதல் மேசையில், தேநீர் ஃபிளாஸ்குக்கு அடியில். மூன்று வட்டக் கறையோடு, ஓர் அங்குலமும் நகராமல்.

அம்மா சாக்பீஸை மறுபடி எடுத்தார். முதல் மேசையில் எழுதியிருந்த ஒன்றைப் புடவைத் தலைப்பால் அழித்துச் சைபர் போட்டார்.

"இப்பக் கூட்டுங்க சார்."

கூட்டினோம். ஓரம் சைபர், நடு சைபர், இயக்குநர் மேசையிலும் சைபர். ஆறு வாரத்தில் எங்கள் அலுவலகம் பிழையில்லாமல் போட்ட ஒரே கணக்கு அதுதான்.

முதல் மேசை என்னுடையது என்பதை மிகுந்த பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.