ஆணி இல்லாத கப்பல்

இந்த வேலையில் என் மனைவி வசந்தாமணியின் சுண்டுவிரல்கூடப் படக்கூடாது என்று சபதம் செய்தேன்.

முப்பது வருஷமாக நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவன் நான். பைபாஸில் அரபுச் சாப்பாட்டு ஓட்டல் திறக்கப்போகும் இளஞ்செழியன், வாசலில் நிறுத்த அரபு நாட்டுப் பழைய பாய்மரக் கப்பல் மாதிரியே பன்னிரண்டு அடியில் ஒன்று கேட்டார். தலையாட்டிவிட்டேன். அப்புறம்தான் குண்டைப் போட்டார்.

"அந்தக் காலத்துக் கப்பலுக்கு ஆணியே கெடையாதுங்க. பலகையில ஓட்டை போட்டு, கயித்துல தெச்சிருக்கோணும்."

தையலா? எனக்குத் தெரிந்த ஒரே தையல், என் நெற்றியில் டாக்டர் போட்டதுதான்.

இரண்டு பலகையைத் தைத்துப் பார்த்தேன். இடைவெளியில் பூனை போய் வந்தது. பட்டறையில் கன்னத்தில் கை வைத்து நான் உட்கார்ந்திருந்தபோது சோறு கொண்டுவந்தாள் வசந்தாமணி. வீட்டிலேயே தையல் கடை வைத்திருப்பவள்.

"ஏனுங்க, கப்பல் கவுந்தாலும் கன்னத்துல கை வெக்கக் கூடாதுங்க."

"கவுறதுக்கு மொதல்ல அது கப்பலாகோணுமே!"

"நான் தெச்சுத் தரட்டுங்களா?"

"வேண்டாம். நானே தெப்பேன்."

"அப்பக் கையப் பழக்குங்க. சேலைக்கு ஃபால்ஸ் தெச்சுப் பழகுனா, தையல் ஒரே சீரா ஓடுமுங்க."

யோசனை நியாயமாகப் பட்டது. தீபாவளி வரை தினமும் மாலையில் சேலையோடு உட்கார்ந்தேன். பழகுவதற்கு எதற்குப் புதுச் சேலை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"இழுத்துப் புடிக்காதீங்க சாமி. எல்லாத் தையலுக்கும் ஒரே இழுப்பு."

நாற்பதாவது சேலையில் கை படிந்தது. பலகைக்குப் போனேன். தென்னங்கயிறு சொன்னபடி கேட்டது. ஆனால் வளைந்த முகப்புப் பலகையை இறுக்கத் தனி ஆளால் முடியவில்லை. சபதத்தை விழுங்கிவிட்டு அவளைக் கூப்பிட்டேன். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. கடையைப் பூட்டிவிட்டு வந்து, உள்ளங்கை சிவக்க மூன்று நாள் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள். பூனை என்ன, எறும்பு நுழைய வழியில்லை.

திறப்பு விழாவில் இளஞ்செழியன் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நான் மைக்கைப் பிடுங்கினேன்.

"லாரிக்காரனுக்கு ஊசி புடிக்கக் கத்துக்குடுத்தது என்ற ஊட்டுக்காரிதானுங்க. இவ இல்லைன்னா இது வெறும் வெறகு."

பொன்னாடையைக் கழற்றி அவள் தோளில் போட்டேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது கேட்டேன்.

"உனக்கு நான் என்ன செய்யோணும், சொல்லு வசந்தா. எதுவானாலும் செய்யறேன்."

"நெசமாத்தானுங்களா?"

"சத்தியமா!"

"தீபாவளிக்கு நீங்க தெச்ச நாப்பது சேலையும், கடையில குடுத்தவங்களுக்கு அத்தனை புடிச்சுப்போச்சுங்க. பொங்கலுக்கு எழுபது ஒத்துக்கிட்டேன்."