கீலோடு திருகாணியும் உண்டா?

அன்பும் அறிவும் நிறைந்த மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். உங்கள் மனைவியின் கோபமும் திடகாத்திரமாக இருக்கிறது. போனில் சொன்னால் நடுவில் நீங்கள் பேசுவீர்கள். அதனால் கடிதமாக எழுதிக் கடை வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

காலையில் மடிக்கணினியும் கையுமாக நம் இரும்புக்கடைக்கு வந்தவள், பெயிண்ட் டப்பா அடுக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், எழுந்திருக்கவே இல்லை. "என்னம்மா?" என்றேன். "மூணே மூணு வரிப்பா! அதுக்காக வீட்ல பேச்சுவார்த்தை இல்ல" என்றாள். விசாரித்தேன். நீங்கள் இருவரும் குழுவாகச் சேர்ந்து வளர்க்கிற கணினி மொழியோடு எல்லாருக்கும் ஒரு கருவிப் பை கொடுக்கிறீர்களாம், ஸ்டாண்டர்டு லைப்ரரி என்று பெயராம். நீளமான பட்டியலைச் சம துண்டுகளாக நறுக்கும் மூன்று வரிக் குட்டி உதவி நிரலை அதில் சேர்ப்பதா வேண்டாமா என்று நாளைக்குக் குழுவில் முடிவாம். "மூணு வரிய அவங்கவங்களே எழுதிக்க மாட்டாங்களா?" என்று அவள் பல்லைக் கடித்த தோரணையிலேயே அது உங்கள் வசனம் என்று புரிந்துவிட்டது. மேற்கொண்டு கேட்க எனக்கு ஏது பொறுமை!

மாப்பிள்ளை, இந்த விஷயத்தில் நான் பழம் தின்று கொட்டை போட்டவன்! கடை போட்ட புதிதில் கதவுக் கீலைத் தனியாகத்தான் விற்றேன். திருகாணிதானே, யார் வீட்டில் இல்லை என்று ஆளாளுக்குக் கிடைத்ததைப் போட்டார்கள். ஒருத்தருக்குத் தலை பெரிசு, கதவு சாத்தவில்லை. இன்னொருத்தருக்கு நீளம் அதிகம், மறுபக்கம் எட்டிப் பார்த்தது. ஒரு தச்சர் கதவையே தூக்கிவந்து, "முதலாளி, உங்க கீலு தாங்கல, நீங்களே தாங்குங்க" என்று என்மேல் சாய்த்துவிட்டுப் போனார்! குற்றம் திருகாணியோடது, ஏச்சு கீலுக்கு! மறுநாளே சரியான திருகாணியையும் பொட்டலத்தில் போட்டேன். அப்புறம் ஒரு கதவு திரும்பி வந்ததா? உங்க விஷயமும் அதேதான். ஆளாளுக்கு எழுதும்போது கடைசியில் மிஞ்சுகிற சின்னத் துண்டைப் பாதிப் பேர் கோட்டை விட்டுடறாங்களாமே! பெரிய வேலைன்னா எல்லாரும் உஷாரா இருப்பாங்க, சின்னதுலதான் மாப்பிள்ளை சறுக்குவாங்க. பையில் போடுங்கள், நாளைக்கே போடுங்கள்! போட்ட கையோடு வந்து இவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். வருகிறவர்களெல்லாம் இவளிடம் பெயிண்ட் விலை கேட்க, இவளும் கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள்!

சகல நலமும் பெருகி, பிடிவாதம் மட்டும் தேய வாழ்த்தும்,
மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மகள் பிடுங்கிப் படித்துவிட்டாள். "அப்பா! சேர்க்கணும்னு எழுதிக் குடுத்ததே அவருதான். வேணாம்னு நிக்கறது நானு!" அப்படியா சங்கதி? பெற்ற மகளை விட்டுக்கொடுக்க முடியுமா? மேலே எழுதியதையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன். ஒரு தடவை கொடுத்துப் பழக்கிவிட்டால் ஆயுசுக்கும் நிறுத்த முடியாது, சேர்க்காதீர்கள் என்று அடித்துச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், "கடுதாசில நீ சொல்றதுதான்பா சரி" என்று குழுவுக்குச் சம்மதம் அனுப்பிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். இப்போது வேண்டாம் என்று நிற்பவன் நான் ஒருவன்தான். ரெண்டு பேருமா வந்து என்னைச் சமாதானம் பண்ணுங்க.